புயல் கூண்டும் சூசையின் முழங்காலும்

போன மாதம், நான் வேலை பார்த்த துறைமுக அலுவலகத்தில் இப்போது இருக்கிற தம்பி ஒருவர் என் வீடு தேடி வந்தார். அங்கே புதிதாக ஒரு கம்பிக் கோபுரம் நிறுத்தியிருக்கிறார்களாம். அது நின்ற வருஷம் பார்த்து மழை பொய்த்துவிட்டது. கோபுரம்தான் மேகத்தை இலங்கைப் பக்கம் தள்ளிவிடுகிறது என்று ஊருக்குள் பேச்சு.

"டீ குடிக்கப் போனாக்கூட மொறைக்காங்க, ஐயா. என்கூடப் படிச்சவன், இன்னைக்கு எஞ்சினீயரா இருக்கான், அவனே தனியாக் கூப்பிட்டு ‘எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுல’ங்கான். உங்க காலத்துல இப்படியெல்லாம் உண்டா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் சிரித்திருக்க வேண்டாம் என்று பட்டது. அன்றைக்குப் பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சம்பளப் பட்டியலில் என் வேலைக்கு சிக்னல்மேன் என்று பெயர். தூத்துக்குடியில் எங்கள் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் என்னைக் கூண்டுக்காரன் என்பார்கள். துறைமுகத்தில் ஒரு கொடிமரம் உண்டு. கடலில் எங்கேயாவது புயல் உருவானால் வெளியூர்ப் பெரிய ஆபீஸிலிருந்து தந்தி வரும். எந்த எண் கூண்டு ஏற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். இரும்பு வளையங்களில் கறுப்புக் கித்தானை இழுத்துத் தைத்த கூண்டுகள், கூம்பாகவும் உருளையாகவும் கிடங்கில் கிடக்கும். அவற்றைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு இழுப்பவன் நான். ஒன்றாம் எண் என்றால் புயல் தொலைவில் இருக்கிறது, கவனம் என்று பொருள். எண் கூடக்கூட ஆபத்து நெருங்குகிறது. கூண்டு தெரிந்தால் வள்ளங்கள் கடலுக்குப் போகாது. வள்ளம் போகாவிட்டால் எங்கள் தெருவில் பாதி அடுப்பு எரியாது. ஏற்றுகிறவனும் அதே தெருக்காரன். என் வேலையின் சங்கடம் அதுதான்.

கயிற்று முடிச்சுகள், கொடிகளின் பாஷை, எண்கள் எல்லாம் ஆறு மாதத்தில் படிந்துவிட்டன. காற்றின் அழுத்தத்தைக் காட்டுகிற பாரமானியைப் பார்க்க மட்டும் இரண்டு வருஷம் பிடித்தது. காரணம், அதைக் கற்றுக்கொடுத்தவர் ஞானாபரணம் சார்.

சார்தான் எங்கள் ஆபீஸுக்குப் பொறுப்பு. நாசரேத்துக்காரர். உபதேசியார் மகன். சித்திரை வெயிலிலும் வெள்ளைக் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருப்பார். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பாரமானி இருக்கும் அறைக்குள் போவார். வாசலில் செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்றிவிடுவார். உள்ளே போனதும் முதலில் கருவியோடு சேர்ந்த வெப்பமானியைப் பார்க்க வேண்டும். நம் உடம்புச் சூடு அதில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு அடியில் இருக்கும் திருகை மெல்லத் திருப்ப வேண்டும். கிண்ணத்துப் பாதரசம் மேலே வந்து, ஒரு சின்னத் தந்த முனையைத் தொடும். முனையும் பாதரசத்தில் தெரியும் அதன் நிழலும் ஒன்றையொன்று முத்தமிடும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு கண்ணாடிக் குழாயை விரல் கணுவால் மெதுவாகத் தட்ட வேண்டும். அப்புறம்தான் மேலே பார்த்து அளவைப் படிக்க வேண்டும். பாதரசம் இறங்கினால் புயல் நெருங்குகிறது என்று அர்த்தம். இத்தனையும் முடிகிற வரை மூச்சை அடக்கிக்கொள்வார். நானும் அடக்க வேண்டும். ஒரு தடவை எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ரீடிங்கை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

"மனுஷன் பொய் சொல்லுவான், சவரி. பாதரசத்துக்கு நாக்கு கிடையாது" என்பார். தந்தியைப் பற்றியும் அவருக்கு அதே எண்ணம். கப்பல்காரனிடம் வானிலையைப் பற்றிப் பொய் சொல்கிற சர்க்கார் உலகத்தில் இருக்க முடியாது என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பியிருந்தார். மீன்பிடிக்கிறவர்கள் யாராவது வந்து, "காத்து எப்படி சார் இருக்கு?" என்று கேட்டால் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாரமானியைக் காட்டி, வரைபடத்தை விரித்து, அரைமணி நேரம் விளக்குவார். சார் எப்போது விடுவார் என்று வந்தவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் வெளியே போனதும், "சார் சொன்னா சரியா இருக்கும்" என்று தெருவெல்லாம் சொல்வார்.

யுத்தம் வந்தது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது தூத்துக்குடிதான் என்று பாதி ஊர் மூட்டை கட்டியது. அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஓர் உத்தரவு வந்தது: இனி வானிலை ரகசியம். எதிரிக்கு உதவும் என்பதால் பாரமானி அளவு, காற்றின் திசை எதையும் வெளியாட்களிடம் சொல்லக் கூடாது. பத்திரிகையிலும் வராது. தந்திகூடச் சங்கேத வார்த்தைகளில் வரும். அதை விடுவிக்கிற புத்தகம் சாரின் இரும்புப் பெட்டியில் இருக்கும். கூண்டு மட்டும் வழக்கம்போல ஏறும்.

சார் உத்தரவை வேதவசனம்போல் பின்பற்றினார். "காத்து எப்படி சார்?" என்று கேட்டு வந்தவர்களிடம், "சொல்றதுக்கில்ல" என்றார். அரைமணி நேரம் பேசுகிற மனிதர் ஒரே வார்த்தையோடு கதவைச் சாத்தினால் எந்த ஊர்தான் சும்மா இருக்கும்?

துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு சோடாக்கடை. ஏரலிலிருந்து வந்த அண்ணாச்சி நடத்தினார். பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். படித்து முடித்ததும், இதில் எழுதாமல் விட்டது எது என்று யோசிப்பார். அவர் யோசித்துக் கண்டுபிடித்தது இது: கூண்டு ஏறுவது புயலுக்காக அல்ல. கூண்டு ஏறினால் வள்ளம் கடலுக்குப் போகாது. கடலில் பார்க்கிறதற்குக் கண் இருக்காது. அந்த நேரத்தில், ஆறு மைலுக்கு அப்பால் நிற்கிற கப்பலில் நம் அரிசியை ஏற்றி வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

ஊரில் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. பேச்சு நெருப்பாகப் பற்றிக்கொண்டது. என் அம்மாவே ஒருநாள் சோற்றுக்குப் பதில் கேப்பைக் கூழை வைத்துவிட்டு, "கூண்டை ஏத்திட்டு வந்துட்டியா? குடி, ராசா" என்றாள். நானும் பாதி நம்பினேன். கூண்டு இழுக்கும்போது கடலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், ஏதாவது கப்பல் தெரிகிறதா என்று.

சார் காதுக்கு விஷயம் எட்டியதும் கொதித்துப்போனார். பழைய பதிவேடு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, நேரே சோடாக்கடைக்குப் போனார். அண்ணாச்சி மரியாதையாக எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். கூண்டு ஏறிய நாளெல்லாம் அதில் கரியால் வட்டம் போட்டிருந்தது.

"இந்த வருஷம் ஒன்பது நாளு கூண்டு ஏத்தியிருக்கீய சார். எத்தனை நாளு இங்கன காத்து அடிச்சிது?"

சார் யோசித்து, "ரெண்டு நாள்" என்றார். "மத்ததெல்லாம் ஒண்ணாம் நம்பர், அண்ணாச்சி. புயல் தூரத்துல இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். இங்க அடிக்கணும்னு இல்ல."

"தூரத்துல இருக்குன்னு யாரு பாத்தா?"

"தந்தி வருது."

"தந்தியை யாரு அனுப்புதா?"

"சர்க்கார்."

அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்தார். "அதைத்தான சார் நானும் சொல்லுதேன்."

சார் பதிவேட்டை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கொடுத்த சோடாவையும் குடிக்காமல் எழுந்துவிட்டார். திரும்பி நடக்கும்போது, "விதண்டாவாதம்" என்றார். கொஞ்ச தூரம் போய், "ஆனா கேள்வி ஒழுங்கான கேள்வி" என்றார். எனக்கு அப்போதே லேசாகப் பயமாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் சார் தப்பித்திருப்பார். இரண்டு வாரம் கழித்துக் காக்கி அரைக்கால்சட்டை போட்ட ஓர் அதிகாரி காரில் வந்து இறங்கினார். எந்த இலாகா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு தாளை மேஜையில் வைத்து, நாளையும் மறுநாளும் கூண்டு ஏற்றி வைக்க வேண்டும் என்றார். சார் பாரமானியைப் பார்த்தார். அது சவாரிக் குதிரைபோல் நிமிர்ந்து நின்றது. தந்தி எதுவும் வரவில்லை.

"புயல் எங்கே இருக்கிறது, சார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"உங்கள் வேலை ஏற்றுவது" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

ஏற்றினோம். இரண்டு நாளும் வானத்தில் பொட்டு மேகமில்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் கிடந்தது. அதற்கு மேலே எங்கள் கூண்டு தன்னந்தனியாகத் தொங்கியது. தெற்கே எங்கோ ‘தொம், தொம்’ என்று சத்தம் கேட்டது. யுத்தக் கப்பல் பீரங்கி சுட்டுப் பழகியது, வள்ளங்கள் குறுக்கே வரக் கூடாது என்றுதான் கூண்டு ஏற்றச் சொன்னார்கள் என்பது பிறகு தெரிந்தது. சுடப்போகிறோம், வராதீர்கள் என்று சொல்லியிருந்தால் எங்கள் ஆட்கள் யாரும் போயிருக்கமாட்டார்கள். அந்த இரண்டு நாளும் அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து கூண்டை அண்ணாந்து பார்ப்பார், சாரைப் பார்ப்பார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவார். அவர் ஏதாவது பேசியிருந்தால்கூட எங்களுக்குத் தேவலாம்போல் இருந்தது.

பதிவேட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. சார் பேனாவைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். மை காய்ந்துபோனது. கடைசியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

மறுவாரத்திலிருந்து சார் வேறு ஆளாகிவிட்டார். அரிசிக் கப்பல் கதையை அவர் அப்படியே நம்பவில்லை. ஆனால் ஒன்று பொய்யென்றால் மற்றது ஏன் பொய்யாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். முதலில் தந்தி. பிறகு பாரமானி. "இதை இங்க அனுப்பினது யாரு, சவரி? இதோட அளவுக்கோட்டைக் கீறினது யாரு?" பிறகு ஆபீஸ் கடிகாரம். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலைப் பார்த்து மணி கணக்கிட்டார். துறைமுகக் கூலிகள் அதை ஏதோ கல்லறைக்குறி என்று நினைத்து, கடக்கும்போது தலைத்துண்டை எடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் திடீரென்று, "கொழும்புன்னு ஒரு ஊரு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்க அக்காவை அங்கதான் சார் கட்டிக் குடுத்திருக்கு."

"அக்கா கப்பல் ஏறினாங்க. சரி. போய்ச் சேந்தாங்களா?"

"கடுதாசி வருது, சார்."

"கடுதாசியை யாரு கொண்டு வாரா?"

"தபால்காரர்."

சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அக்காவின் பழைய கடிதங்களை எடுத்து, கையெழுத்து அவளுடையதுதானா என்று நான் ஒப்பிட்டுப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த நோயின் குணம் அது. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தொற்றும்.

சர்க்கார் கை படாத சாட்சி ஒன்று வேண்டும் என்று சார் தேடினார். கடைசியில் என் சித்தப்பாவின் முழங்காலைக் கண்டுபிடித்தார்.

சித்தப்பா சூசை வாலிபத்தில் முத்துக் குளித்தவர். ஒரு தடவை, மூழ்குவதற்குக் காலில் கட்டுகிற கல் தவறி முழங்காலில் விழுந்துவிட்டது. அதிலிருந்து காற்று மாறப்போகிறது என்றால் முதல் நாளே குத்தத் தொடங்கும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான்தான் பேச்சுவாக்கில் சாரிடம் உளறினேன்.

சார் கண் பளிச்சென்றது. "அந்த முழங்கால் சர்க்காருது இல்லையே?"

அன்று முதல் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று பத்தி. தந்தி, பாரமானி, சூசை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது சித்தப்பா வீட்டில் நின்று முழங்கால் நிலவரம் வாங்கிவர வேண்டும். சார் அதைக் கவனமாக எழுதுவார்: ‘லேசான குத்தல். வலது பக்கம்.’ விஷயம் தெரிந்ததும் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் போகிற நேரத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். "சொல்லுதேன், எழுதிக்கோ. வாடைப் பக்கமா ஒரு இழுப்பு. உச்சிக்கு அப்புறம் கொறையும். ஆபீஸர்ட்ட என் சலாமைச் சொல்லு" என்பார். வேடிக்கை என்னவென்றால் பத்துக்கு ஏழு தடவை அது சரியாகவும் இருந்தது.

அப்புறம் அந்தக் கார்த்திகை மாதத்து நாள் வந்தது.

விடியும்போது வானம் வெளிறிக் கிடந்தது. காற்றே இல்லை. கரையில் ஒரே ஆரவாரம். சீலா மீன் கூட்டம் ஒன்று பக்கத்தில் வந்திருப்பதாக முதல் நாள் மாலை வந்த வள்ளக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பல நாள் பட்டினிக்குப் பிறகு வந்த மீன். நான் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். "வலியே இல்ல ஏலே! பத்து வயசுப் பையன் கால் மாதிரி இருக்கு. போய்ச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

கரை ஆரவாரத்தில் நின்றுவிட்டு நான் ஆபீஸ் போய்ச் சேர மணி பத்தாகிவிட்டது. சார் மேஜையில் தந்தி விரித்துக் கிடந்தது. ஆபத்துக் கூண்டு ஏற்றச் சொல்லியிருந்தது. எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் எடுத்த ரீடிங்கில் பாரமானி இறங்கியிருந்தது. சார் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "முழங்கால்?"

"வலி இல்லைங்காரு."

சார் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப ஏத்த வேண்டாம். இவ்வளவு மீன் வந்திருக்கிற அன்னைக்குத் தந்தியும் வருது பாத்தியா? கடல்ல எதையோ மறைக்கப் போறாங்க."

அதுவரை சாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "சார், சித்தப்பா பொய் சொல்லுதாரு" என்றேன். "காலை இழுத்துக்கிட்டுத்தான் நடக்காரு. செவத்தைப் பிடிச்சுத்தான் உள்ள போனாரு. வலிக்குன்னு சொன்னா நீங்க கூண்டு ஏத்திருவீய, சீலா போயிரும்னு மறைக்காரு."

சார் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மூன்றாவது பத்தியைப் பார்த்தபடி இருந்தார்.

"முழங்காலுமா?" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். பிறகு எனக்கே தெரியாமல் வாய் பேசிவிட்டது. "சார், யாரையும் நம்ப வேண்டாம். தந்தி அடிச்சவனுக்கு எங்க சித்தப்பாவைத் தெரியாது. சித்தப்பாவுக்குப் பாதரசம்னா என்னன்னு தெரியாது. வாய் என்ன சொன்னா என்ன, அவரு நடை ஒண்ணு சொல்லுது. மூணும் ஒண்ணையே சொல்லுது சார். மூணு பேரும் கூடிப் பேச வழியில்லையே?"

சார் நோட்டுப் புத்தகத்தை மூடினார். எழுந்து, தொப்பியையும் செருப்பையும் கழற்றிவிட்டு, பாரமானி அறைக்குள் போனார். வெப்பமானியைப் பார்த்தார். திருகைத் திருப்பினார். தந்த முனை பாதரசத்தைத் தொட்டது. விரல் கணுவால் தட்டினார். நான் வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் பாதரசம் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு விழுந்திருந்தது. அவ்வளவு வேகமாக அது விழுந்து அவர் பார்த்ததே இல்லையாம்.

"ஏத்து" என்றார்.

ஏற்றினேன். ஏற்றிவிட்டுக் கரையைப் பார்த்தால், வள்ளங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் வெறும் வானத்தில் தொங்கிய கூண்டை இனி யார் மதிப்பார்கள்?

"சைக்கிளை எடு" என்றார் சார்.

பின்னால் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் பதிவேட்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரேஸ்புரம் கரையில் இறங்கி, கோட்டும் தொப்பியுமாக முழங்கால் அளவு தண்ணீருக்குள் நடந்துபோய், ஒரு வள்ளத்தின் முனையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சியும் அங்கே இருந்தார். முதல் சீலாவை விலை பேச வந்தவர்.

"போவாதீங்க. பெரிய புயல் வருது" என்றார் சார்.

"போன தடவையும் வந்துச்சே, சார்! வந்து சோடா குடிச்சிட்டுப் போச்சு" என்றார் அண்ணாச்சி. கூட்டம் சிரித்தது.

சார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "போன தடவை ஏத்தினது பொய்" என்றார். "புயல் இல்லைன்னு தெரிஞ்சேதான் ஏத்தினேன். ஏத்துன்னு உத்தரவு. என் சர்வீஸ்ல அது ஒண்ணுதான் பொய். இன்னைக்கு ஏத்தினது பொய் இல்ல." பதிவேட்டைத் திறந்தார். யுத்த ரகசியமான அத்தனை எண்களையும், எட்டு மணிக்கு இவ்வளவு, ஒன்பது மணிக்கு இவ்வளவு, பத்துக்கு இவ்வளவு என்று, ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார். தந்தியில் இருந்ததையும் சொன்னார். அதற்கு ஜெயில்.

கூட்டம் அமைதியானது. நம்பியதால் அல்ல, என்ன செய்வதென்று தெரியாமல். ஒரு பெரியவர், "பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்ட சர்க்கார் ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

அப்போது சார் கண்ணில் சித்தப்பா பட்டார். கரையில் கிடந்த ஒரு வள்ளத்துக்குள் துடுப்பை ஊன்றி, பெரிய மனிதர்போல் நின்றுகொண்டிருந்தார்.

"சூசை, கீழ இறங்கி ரெண்டடி நடந்து காட்டும்."

"எதுக்கு சார்?"

"நடந்து காட்டும்."

சித்தப்பா துடுப்பை விட்டுவிட்டு இறங்கினார். முதல் அடி நன்றாகத்தான் வைத்தார். இரண்டாவது அடியில் உதட்டைக் கடித்தார். மூன்றாவது அடிக்குக் கால் மடங்கி ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். "மாதாவே! நேத்துச் சாயங்காலத்துலேருந்து உயிர் போவுது, சார்" என்று கத்தினார். "இப்படி ஒரு வலி என் சென்மத்துல வந்ததில்ல!"

இரும்புப் பெட்டி ரகசியம் செய்யாததை அந்தக் கத்தல் செய்தது. மளமளவென்று வள்ளங்களைத் திருப்பி மேடேற்றத் தொடங்கினார்கள். சித்தப்பாவைத் திட்டிக்கொண்டேதான் இழுத்தார்கள். முன்னாலேயே மூன்று வள்ளம் போயிருந்தது. வேட்டியை அவிழ்த்துக் கம்பில் கட்டி ஆட்டினோம். இரண்டு திரும்பின. ஒன்று கண்ணுக்குத் தப்பிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் காற்று எழுந்தது. பிறகு நடந்ததை எழுதிக்கொண்டுபோனால் பக்கம் போதாது. பனைகள் முறிந்தன. மேட்டில் கிடந்த வள்ளங்களையே அலை வந்து உரசியது. அந்த மூன்றாவது வள்ளம் மறுநாள் பெரியதாழையில் இரண்டு துண்டாக ஒதுங்கியது. அதில் இருந்த நான்கு பேரும் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு உயிரோடு கரையேறினார்கள். அந்தச் செய்தி வரும்வரை சார் ஆபீஸ் வாசலிலேயே, நனைந்த கோட்டோடு நின்றார். சாப்பிடவும் இல்லை.

அண்ணாச்சி கடைக் கூரை பறந்து துறைமுக வாசலில் கிடந்தது. அதை எடுக்க வந்தவரிடம், "இப்பவாவது நம்புதீயளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

தகரத்தை உருவிக்கொண்டே சொன்னார்: "நீ சின்னப் பய, உனக்குத் தெரியாது. கூண்டை யாரும் நம்ப மாட்டேங்காங்கன்னு சர்க்காருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் புயலையே வரவச்சுட்டாங்க."

பத்து நாளில் அந்தக் காக்கி அதிகாரி மறுபடி வந்தார். ரகசியம் வெளியான செய்தி அவருக்குப் போய்விட்டது. விசாரணை எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. திரேஸ்புரத்திலிருந்து ஒரு பெருங்கூட்டம் சாட்சி சொல்ல வந்துவிட்டது. ஒருவர் தவறாமல் எல்லோரும் சொன்னது: "ரகசியமா? சார் எங்க சூசை காலைப் பத்தித்தான் பேசினாரு." சாட்சியத்துக்குச் சித்தப்பா முழங்காலையும் திறந்து காட்டினார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க இங்கிலீஷ் தெரிந்த ஆள் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். குற்றம் சாட்டப்பட்ட ஞானாபரணம் சார்.

சார் அவர்கள் சொன்னதை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தார். பிறகு, "இவர்கள் என்மேல் உள்ள அன்பால் சொல்கிறார்கள், சார். நான் எண்களை வாசித்தது உண்மை" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார். "எந்த எண்களை?"

சார் நிமிர்ந்து நின்றார். "அது ரகசியம், சார். எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் கொடிமரத்தைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததா, தான் போன தடவை கொண்டுவந்த தாள் நினைவுக்கு வந்ததா, தெரியாது. கடைசியில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போனது. சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பழைய நம்பிக்கை அவருக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். தந்தி வந்தால் ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பாரமானியைப் பார்ப்பார். வானத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் என்னைப் பார்ப்பார். முன்பெல்லாம் இரண்டு நொடியில் ஏறிய கூண்டுக்கு இப்போது இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஆனால் முற்றத்துக் குச்சியை அவரே பிடுங்கி எறிந்துவிட்டார். என் அக்காவுக்கு என் கடிதத்தில் நலம் விசாரித்து ஒரு வரியும் எழுதினார்.

யுத்தம் முடிந்து ரகசிய உத்தரவு போனதும் சார் செய்த முதல் காரியம், தச்சரை வரவழைத்து ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியது. காலையில் பாரமானி அளவு, காற்று, தந்தி எல்லாவற்றையும் அவர் கையாலேயே எழுதுவார். அடியில் ஒரு கோடு கிழித்து, நேற்று நாங்கள் என்ன சொன்னோம், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுவார். முதல் வாரத்திலேயே, ‘நேற்று: பலத்த காற்று என்றோம். அடிக்கவில்லை. எங்கள் கணிப்பு தவறு’ என்று எழுத வேண்டி வந்தது. நான், "இதைப் போயா சார் இவ்வளவு பெரிய எழுத்துல?" என்று தயங்கினேன். அவர் ‘தவறு’ என்பதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். அன்று பலகை முன்னால் கூட்டம் நின்றது. மறுநாளும் நின்றது. கேட்க வருகிறவர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள்.

அண்ணாச்சியும் வந்தார். கடையை அடைக்காமல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பலகையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தார். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். சார் சாக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், உள்ளதைச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி. "தப்பை ஊருக்குத் தெரியுற மாதிரி தானே எழுதிப் போடுறவன் எங்கயும் கிடையாது. இதுல என்னமோ இருக்கு. என்ன அது?"

சார் கோட்டின் பொத்தானைச் சரிசெய்தார்.

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. தினமும் வந்து பாருங்க. கண்டுபிடிச்சா முதல்ல எங்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

அண்ணாச்சி தினமும் வந்தார். பதினோரு வருஷம், ஒருநாள் தவறாமல்.